நாக்கில் வைக்காத ஒரு சொட்டு

சேவுகம்பட்டி,
தை 6, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தமிழ்மதிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்காலை விட்டுவிட்டுச் சொன்னால். நீயும் மாப்பிள்ளை அழகுராஜாவும் அந்தக் கொரியாக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று தாடிக்கொம்புப் பெருமாளிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். சிரி தாயி, நீ சிரித்துப் பார்த்து நாளாயிற்று. போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. சொல்ல வேண்டியதோ கொஞ்சம் நீளம், கொஞ்சம் வெட்கக்கேடு. அதனால் எழுதி அம்மாவின் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். அவளை வைத்துக்கொண்டு படிக்காதே, நடுநடுவே தன் வியாக்கியானத்தைச் சேர்ப்பாள்.

அம்மா வருவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பிரசவத்துக்கு வருவதற்கென்று அவள் எடுத்த பாஸ்போர்ட் புரட்டாசிக்குப் பிறகு பீரோவில் புடவைக்கு நடுவே கிடந்தது, நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தட்டைத் திறப்பதே இல்லை. கார்த்திகையில் ஒருநாள் அவளே அதை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு, "பேரப்பிள்ளை இல்லன்னா பெத்த மகளப் பாக்கப் போகக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள், என்னவோ நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றது போல. அதன் பிறகு விசா, டிக்கெட் எல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார், அவருக்கு என் நன்றியைச் சொல். திண்டுக்கல்லில் நாலு கடை ஏறி இறங்கி ஒரு மெரூன் கலர் ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறாள், போட்டால் அவளுக்கு முழங்கால் வரைக்கும் வருகிறது, கேட்டால் குளிர் காலுக்கும் அடிக்கும்தானே என்கிறாள். பிளேனில் கொடுப்பதைத் தின்ன மாட்டாளாம், புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறாள். பிரஷர் மாத்திரையைக் கைப்பையில் வைத்திருக்கிறேன், பெரிய பெட்டியில் தேடவிடாதே. நானும் கூட வந்திருப்பேன். பாஸ்போர்ட் ஆபீஸில் என் பத்து விரலையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் நார்த்தூள் அள்ளிய விரல், எப்படி விழும். ஒரு மாதம் எண்ணெய் தடவிவிட்டு வரச் சொன்னார்கள், தடவிக்கொண்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி பிறந்த வாரத்தில் நீ அம்மாவிடம் போனில் ஒன்று சொன்னாயாம். "என் கையில எதுவுமே நிக்காதும்மா, ஒரு அவரைச்செடிகூட நிக்கல" என்று. அதை அவள் உன்னிடம் கேட்டுக்கொண்டு, பேச்சை மாற்றி, போனை வைத்துவிட்டு, நான் வேலை பார்க்கிற களத்துக்கே நடந்து வந்து, காயப்போட்ட தூளுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னிடம் சொல்லி அழுதாள். வேலை செய்துகொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் அவளை அதட்டி வீட்டுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு எனக்கு வேலை ஓடவில்லை. அவரைச்செடி என்று அவள் சொன்ன இடத்திலேயே மனம் நின்றுபோனது. ஏனென்றால் அந்தச் செடி ஏன் செத்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் சொல்கிறேன். தேங்காய் மட்டையில் நாரை எடுத்த பிறகு உதிர்கிற தூளைத்தான் நாங்கள் கழுவி, காயவைத்து, சலித்து, மிஷினில் அழுத்திக் கட்டியாக்கி அனுப்புகிறோம். உன் ஊரில் அதை நனைத்துப் பையில் நிரப்பி, ஒரு பிடி மண் இல்லாமல் ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும் காய்க்க வைக்கிறார்கள். போன வருஷம் நீ ஒரு தோட்டத்துக்குப் போய், இடுப்புயரத்தில் வரிசையாக வைத்திருந்த பைகளைப் படம் பிடித்து, அப்பா இது நம்ம களத்துத் தூளா என்று கேட்டு அனுப்பினாயே, அதை இன்றைக்கும் களத்தில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தூளில் சத்து என்று ஒன்றும் கிடையாது. தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேருக்கு இடம் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் குணம். மண் என்றால் நாம் செய்கிற நாலு தப்பைப் பொறுத்துக்கொள்ளும், தூள் பொறுக்காது, நாம் கொடுத்ததை அப்படியே வேருக்குக் கொடுத்துவிடும். தென்னை மட்டையிலேயே உப்பு உண்டு, அது போகிற வரைக்கும் மூன்று தண்ணீர், நாலு தண்ணீர் விட்டு அலச வேண்டும். போய்விட்டதா என்று பார்க்க ஆபீஸில் சபிஹாவிடம் மீட்டர் இருக்கிறது, வத்தலக்குண்டுப் பெண், கெட்டிக்காரி. கப்பலுக்குப் போகிற தூளை அவள் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விட மாட்டாள். உள்ளூர் நர்சரிக்கும் மாடித்தோட்டத்துக்கும் போகிற சின்னக் கட்டிகளுக்கு மட்டும் மீட்டர் நான்தான். ஒரு கைப்பிடி ஈரத்தூளைப் பிழிந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, சரி என்றால் சரி. மலைச்சாமி நாக்கு என்று முதலாளியே சொல்வார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று உன் அம்மா சொல்வாள்.

ஆனி மாதம் நீ போன் பண்ணி, ரெண்டு மாசம்ப்பா என்று சொன்னாயே, அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஏறித் தாடிக்கொம்பு போனேன். நாலு வருஷமாக நீ எத்தனை டாக்டரைப் பார்த்தாய், எத்தனை ஊசி போட்டுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாதா. பெருமாள் முன்னால் நின்று, உன் பிரசவம் நல்லபடியாக முடிகிறவரைக்கும் என் நாக்கில் உப்புப் படாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வெளியில் சொல்லக் கூடாது என்று நானாகவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். உன் அம்மாவிடம், டாக்டர் பிரஷர் என்று உப்பை நிறுத்தச் சொன்னதாக ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவளும் நம்பி, குழம்பில் உப்புப் போடும் முன் எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள். உப்பில்லாத கத்தரிக்காய்க் குழம்பைத் தின்பதைவிடச் சும்மா இருப்பது மேல். ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் உன் நினைப்பு வரும், அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது உனக்கே புரிந்திருக்கும். நாக்கில் உப்புப் படக் கூடாது என்றால் பிழிந்த தண்ணீரை எப்படி நாக்கில் வைப்பது. வைக்கவில்லை. அந்த ஆறு மாதமும் நான் ஒரு சொட்டுகூட வைத்துப் பார்க்கவில்லை. அலசுகிற தண்ணீர் முதலில் டீ டிக்காஷன் மாதிரி வரும், பிறகு வெளுக்கும். மூன்றாம் தண்ணீர் வெளுத்துவிட்டது, உப்பும் போயிருக்கும் என்று கண்ணை வைத்தே சரி சொல்லிவிட்டேன். சபிஹா ஒருநாள், "அண்ணே, மழை இல்ல, போர்த் தண்ணி இறங்கிக் கெடக்கு, உள்ளூர்ச் சரக்கையும் ஒருதரம் மீட்டர்ல பாத்துரவா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "என் நாக்குக்கு மேல ஒரு மீட்டரா, போ தாயி, போயி கப்பல் சரக்கப் பாரு" என்றேன். எந்த நாக்கு. வாயை மூடி வைத்திருந்த நாக்கு. அந்தப் பெண் சொன்னது சரி. ஆடியில் போர்த் தண்ணீரே உவர்ப்பாகிவிட்டது, தூளின் நிறம் போனதே தவிர உப்புப் போகவில்லை, நாங்களே மேலும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆவணியில் மாப்பிள்ளை வந்திருந்தபோது, மகளுக்கு ஆசையாக இருக்கட்டும் என்று அஞ்சு கட்டி எடுத்து அவர் பெட்டியில் வைத்தேனே, அது அந்தச் சரக்குத்தான்.

நீ அதை நனைத்து வராந்தாவில் தொட்டியில் நிரப்பி அவரை போட்டாய். முளைத்த அன்று படம் அனுப்பினாய். வளைகாப்புக்கு அம்மா வரும்போது என் வீட்டு அவரைக்காயில்தான் வெஞ்சனம் வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாய். பிறகு இலை ஓரமெல்லாம் நெருப்பில் வாட்டியது போலக் கருகியிருந்த படம் ஒன்றும் வந்தது. அது உப்புச் சாப்பிட்ட இலை என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லும், நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் படம் வந்த மறுநாள் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அதன்பிறகு இங்கே யார் இலையைப் பார்த்தார்கள். உனக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்ன அந்த இரண்டு நாளும் வீட்டில் அடுப்பே எரியவில்லை.

அம்மா களத்தில் வந்து அழுதுவிட்டுப் போனாளே, அன்று மத்தியானம் ஸ்டோருக்குப் போனேன். ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பொட்டலம் எடுத்துத் தேதி எழுதி ஒரு வருஷம் வைத்திருப்போம், யாராவது குறை சொன்னால் பார்ப்பதற்கு. ஆடிப் பொட்டலத்தை எடுத்து ஒரு சட்டியில் நனைத்தேன். சபிஹாவிடம் போய் மீட்டரைக் கேட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. என் தப்பை என் நாக்குத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. குழந்தை இல்லை என்று ஆனபிறகும் நான் உப்பைத் தொட்டிருக்கவில்லை மதி. வேண்டுதல் முடிந்ததா, தோற்றதா, எப்போது விடுவது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை, யாரிடமும் சொல்லாத வேண்டுதல் ஆயிற்றே. விட்டால் அந்தக் குழந்தையையே விட்டது போல ஆகிவிடும் என்று ஒரு பயமும் இருந்தது. அப்படியே உப்பில்லாமல் தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குச் சட்டியில் நனைத்ததை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். ஆறு மாதம் கழித்து என் நாக்கில் பட்ட முதல் உப்பு அதுதான். மீட்டர் வேண்டியதே இல்லை, அப்படி ஒரு கரிப்பு. துப்பவும் தோன்றாமல் அந்த ஸ்டோரிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சபிஹா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே நின்றாள்.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் இங்கே சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி முடித்தேன். முதலாளியிடம் சொன்னேன், அவர் இனி எல்லாச் சரக்குக்கும் மீட்டர் என்று மட்டும் சொன்னார். ரெட்டியார்சத்திரத்தில் நர்சரி வைத்திருக்கிற செபாஸ்தியம்மாளுக்கு அந்தத் தூளில் போட்ட குடைமிளகாய் நாற்று மொத்தமும் போயிருந்தது. புரட்டாசியில் அவர்கள் போன் பண்ணிக் கேட்டபோது, தண்ணி ஊத்தத் தெரியாம ஊத்திட்டு எங்க மேல பழியப் போடாதீங்க என்று நான் எகிறியிருந்தேன். நேரில் போய்த் தலை குனிந்து நின்றேன். அந்தம்மா லேசில் விடவில்லை. "மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும், அந்தா கெடக்கு பாருங்க தட்டு, அதுல ஒட்டியிருக்கது ஒங்க தூளுதேன், கழுவி வச்சுட்டுப் பேசுங்க" என்றார்கள். நாற்று வளர்க்கிற குழித்தட்டு நாற்பது இருக்கும், குத்தவைத்து உட்கார்ந்து கழுவினேன், முழங்கால் போன கதை இதுதான், அம்மாவிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன். கழுவி முடித்ததும் டீ கொடுத்தார்கள். எதனால் இப்படி ஆச்சு என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லாமல், மகளுக்காக ஒரு வேண்டுதல் என்று மட்டும் சொன்னேன். என் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, புதுச் சரக்கு வந்ததும் எனக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும், முழங்கால் கதையைத் தவிர, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பிரஷர் பொய்க்கு முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆறு மாதமாகத் தனிக் கிண்ணம் எடுத்து வைத்த கணக்கெல்லாம் வந்தது. பிறகு சட்டென்று அடங்கிவிட்டாள். "நீங்க யார நெனச்சு வேண்டுனீங்க? பொறக்காத பிள்ளை மொகமா ஒங்களுக்குத் தெரியும்? ஒங்க மக மொகத்தத்தான நெனச்சிருப்பீங்க. அவ இருக்கால்ல, பொழச்சு எந்திரிச்சு நடமாடுறால்ல, பெறகு என்ன" என்று சொல்லிக்கொண்டே, என் தட்டில் இருந்த சோற்றில் ஒரு கல் உப்பை நுணுக்கிப் போட்டு அவளே பிசைந்து வைத்தாள். தின்றேன். அந்தச் சோறு போல ஒரு சோறு நான் தின்றதில்லை. மறு சனிக்கிழமை இரண்டு பேருமாகத் தாடிக்கொம்பு போய், ஒரு மரக்கால் உப்பை வாங்கிப் பெருமாள் சன்னதியில் வைத்துவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு வந்தோம்.

இதுதான் தாயி நடந்தது. நன்றாகக் கேட்டுக்கொள். உன் அவரைச்செடி செத்ததற்கு உன் கை காரணம் இல்லை. நீ நனைத்தது சரி, விதை போட்டது சரி, தண்ணீர் விட்டது சரி. உப்பைக் கட்டிக் கொடுத்து அனுப்பியவன் உன் அப்பன். அந்தச் செடியை இனி உன் கணக்கில் எழுதக் கூடாது, என் கணக்கில் எழுது. குழந்தை விஷயம் அதைப் போலவும் இல்லை. அதற்கு ஒருவர் கணக்குமே கிடையாது. அங்கே டாக்டர் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் இரண்டு தடவை சொன்னார், நீ செய்த எதனாலும் இல்லை, செய்யாமல் விட்ட எதனாலும் இல்லை என்று. நான் உப்பைத் தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும் அது அப்படித்தான் இருந்திருக்கும், பெருமாளுக்கு என் நாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதா வேலை. நீ அழ வேண்டும் என்றால் அழு, அம்மா வருகிறாள், மடி இருக்கிறது. ஆனால் என் கையில் எதுவும் நிற்காது என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லாதே. என் கையில் ரேகைகூட நிற்கவில்லை என்று சர்க்காரே சொல்லிவிட்டது. அந்தக் கையில்தான் நீ வளர்ந்தாய்.

அம்மா பெட்டியில் மூன்று கட்டி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் கிணறு நிரம்பிய பிறகு, கிணற்றுத் தண்ணீரில் நானே ஐந்து தடவை அலசியது. சபிஹா மீட்டர் வைத்துப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறாள். நானும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். குளிர் விட்டதும் பங்குனிவாக்கில் போட்டால் போதும், அவசரம் இல்லை. போட மனம் வராவிட்டால் அடுத்த வருஷம் போடு, கட்டி கெட்டுப் போகாது. வந்தால் வரட்டும், வராவிட்டால் எழுது, இன்னும் அலசி அனுப்புகிறேன், அதற்குத்தானே இங்கே இருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம், ராத்திரி லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு உட்காராமல் உன்னோடு கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னதாகச் சொல். அம்மா சமையலறைக்குள் நுழைந்தால் முழுதாக விட்டுவிடு, குறுக்கே பேசாதே. இரும்பு மாத்திரையை நிறுத்தாதே. பெருமாள் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் வைத்திருக்க வேண்டும், நீ நினைத்தது நினைத்த நாளில் கைகூட வேண்டும்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. கட்டியை நனைத்ததும், விதை போடுவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார். அப்பா பார்த்திருக்கிறார், மீட்டர் பார்த்திருக்கிறது என்று விட்டுவிடாதே, நீயும் பார். சப்பென்று இருக்கும். இருந்தால் எனக்கு ஒரு போன் போடு, வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம், உப்பு இல்லப்பா என்று மட்டும் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
மலைச்சாமி